செவ்வாய்க்கிழமைப் பாடு

தாழையடி,
மன்னார்.
30.01.2017

செலீனாவுக்கு,

சுகம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது. நீ சுகமாகத்தான் இருப்பாய். வியாழக்கிழமை போனில் உன் குரல் நல்ல தெளிவாக இருந்தது. "துண்டை ஆர் அடிச்சுத் தந்தது மாமி?" என்று நீ கேட்டது அதைவிடத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நீ ஏழு தரம் எடுத்திருக்கிறாய் என்று போன் காட்டுகிறது. நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். போனில் பேசினால் நாளைக்கு நீ அப்படிச் சொல்லவில்லை என்பாய், நான் அப்படிக் கேட்கவில்லை என்பேன். தாளில் எழுது. நானும் தாளில்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் பேத்தி எழுதித் தருகிறேன் என்று வந்தபோது வேண்டாம் என்றேன். பழி என் பெயருக்கு வந்தது. என் கைதான் எழுத வேண்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். போனில் நான் பாதி சொல்லும்போதே நீ தீர்ப்புக் கொடுத்துவிட்டாய்.

எங்கள் கரை ஒரு நேரத்தில் ஒரு கரைவலையைத்தான் தாங்கும். வலை ஒன்பது இருக்கிறது. ஒரு வலை இறங்கிக் கரையேறுவது ஒரு பாடு; ஒரு நாளில் மூன்று பாடு. ஒரு வலை கரையேறினால்தான் அடுத்தது இறங்கும். யாருடைய பாடு எப்போது என்பது சுற்று முறையில் வரும். ஒரு வீட்டில் செத்த வீடு என்றால், ஒரு வலை பழுது என்றால், அவர்களுடைய பாடு ஒழியும். ஒழிந்த பாடு முதலில் கேட்டவருக்கு. முன்பு கரையில் கம்பு நட்டுக் கேட்டோம். போன ஆவணியில் இருந்து உன் கொம்பியூட்டரில் கேட்கிறோம். சங்கக் கந்தோரில் ஒரு ஜன்னல், ஐஸ் றூமில் ஒரு ஜன்னல். "இதை எழுதினது என்ர தம்பிட மகள்" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்ததும் நான்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

இருபத்துமூன்றாம் திகதி திங்கட்கிழமை, செவ்வாயின் முதல் பாடு ஒழிந்திருக்கிறது என்று காலையில் சொன்னார்கள். எட்டு மணிக்கு ஜன்னல் திறந்ததும் என் மகன் பஸ்ரியன் ஐஸ் றூமில் கேட்டான். அங்கே இருக்கும் மார்த்தா தட்டிப் பார்த்து, "காலியா இருக்கு" என்று சொல்லித் துண்டுச் சீட்டு அடித்துக் கொடுத்தாள். துண்டில் இருப்பது இது: செவ்வாய், முதல் பாடு, றோசம்மா, 8.02. என் கையில்தான் இருக்கிறது.

செவ்வாய் வெளிச்சம் வந்ததும் என் வள்ளம் மேற்கிலிருந்து வலையை இறக்கி வளைத்தது. பார்த்தால் கிழக்கிலிருந்து இன்னொரு வலையின் சம்மாட்டி யாகப்பரின் வள்ளமும் வளைத்து வருகிறது. இரண்டு கயிறும் கடலுக்குள் பின்னிக்கொண்டன. உள்ளே கீரி மீன் கூட்டம், தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. யாகப்பர் கரையில் நின்று தன் துண்டைத் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கிக் காட்டினேன். அவருடையது கள்ளத் துண்டு என்றே நினைத்தேன். "வெட்டு" என்றேன். வள்ளத்தில் நின்ற பஸ்ரியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தரமும் சொன்னேன். அவன் யாகப்பரின் வலையின் மடியை, மீன் சேரும் பையை, வெட்டினான். மீன் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு கந்தோருக்குப் போனோம். தலைவர் அமிர்தநாயகம் கொம்பியூட்டரைத் திறந்தார். செவ்வாய் முதல் பாட்டில் யாகப்பரின் பெயர் மட்டும் இருக்கிறது. "உங்கட பேர் இதில இல்லையே அக்கா" என்றார். பின்னால் நின்ற ஒருவர், "பேர் இல்லாமத் துண்டு எப்பிடி வரும்? கொழும்பில ஆள் இருந்தா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாகப்பர் சிரிக்கவில்லை.

இப்போது என் வலை சுற்றில் இல்லை. அடுத்த மாதம், மாசி இருபத்தாறு ஞாயிறு பூசை முடியச் சங்கக் கூட்டம். கள்ளப் பாடு வளைத்த வலைக்கு இந்தக் கரையில் இடமில்லை என்பது பழைய சட்டம். என் வயதுக்கு அதை ஒருவர்மேலும் பாவித்தது இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு ஜன்னலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் உன் மெசின் யாருக்குக் காது கொடுக்கும்?

சம்மாட்டி யோ. றோசம்மா


வெள்ளவத்தை,
கொழும்பு.
04.02.2017

அன்புள்ள மாமி,

கேட்ட விதம் பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேள்வி பிழை என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கோ.

நான் எழுதிய செயலி மூன்று வேலை செய்யும். முதலில் அந்தப் பாடு காலியா என்று பார்க்கும். காலி என்றால் பெயரை எழுதும். எழுதிய பிறகு துண்டு அடிக்கும். துண்டு கடைசி வேலை. பெயர் எழுதப்படாமல் துண்டு வர வழியே இல்லை. அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மூன்று பேர் சரிபார்த்தும் இருக்கிறார்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, கையில் துண்டு இருக்கிறது என்றால், அந்தத் துண்டு வேறு வழியால் வந்தது என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது. பஸ்ரியன் மச்சான் அவசரத்தில் யாரிடமாவது சொல்லி ஒன்று செய்வித்தாரோ என்று நினைத்தேன். உங்களை நினைக்கவில்லை. நினைத்தேனோ தெரியாது. அந்த வரியை வெட்டாமல் விடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இரண்டு பேருக்கும் காது கொடுக்கும்.

சங்கம் வாங்கியது பழைய மெசின். ஜன்னல் இரண்டு இருந்தாலும் உள்ளே வேலை செய்யும் மூளை ஒன்றுதான். அது மார்த்தாவின் வேலையை எடுத்துக் கொஞ்சம் செய்யும். பிறகு நிறுத்தும். எந்த இடத்தில் நிறுத்தியது என்று குறித்து வைத்துவிட்டு, கந்தோர் ஜன்னலில் இருக்கும் றஞ்சிதம் அக்காவின் வேலையை எடுத்துக் கொஞ்சம் செய்யும். மறுபடி மார்த்தாவிடம் வரும், குறித்த இடத்திலிருந்து தொடரும். இடையில் அச்சடிக்கும் வேலை, மணி காட்டும் வேலை, திரையில் எழுத்தைக் கீறிக் காட்டும் வேலை என்று எல்லாவற்றுக்கும் அதே மூளைதான் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு விநாடிக்குள் நூறு தரமாவது கை மாறும். அதனால் வெளியே நிற்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரிகிறது. காத்து நின்றவர்களைக் காத்து நிற்கவில்லை என்று நம்பவைப்பதுதான் அதன் கெட்டித்தனம். ஒரு கரையை ஒன்பது வலைகள் பங்கிடுவதைப் பார்த்து வளர்ந்ததால் இதைப் படிக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

ஆகவே ஒரே நேரத்தில் கேட்டதால் பிழை வந்திருக்க முடியாது. மார்த்தாவிடம் இன்னொரு தரம் விசாரியுங்கோ. துண்டை ஒரு படம் எடுத்து அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
செலீனா


தாழையடி
08.02.2017

செலீனாவுக்கு,

கரையைப் பங்கிடுவது எப்படி என்று எனக்கு எழுதியிருக்கிறாய். வாசித்தேன்.

மார்த்தாவிடம் விசாரித்தேன். அந்தோனியார் சுருவத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ண வாறன் என்றாள். வேண்டாம், உன் சொல் காணும் என்றேன். அந்தப் பிள்ளை அழுதது. நீ கேட்டதால்தான் போய்க் கேட்டேன். கேட்ட பாவம் உன்னுடையது. படம் எடுத்து அனுப்பமாட்டேன். துண்டு கூட்டத்துக்கு வரும்.

நீ எழுதியதை நான்கு தரம் வாசித்தேன். எங்கள் கரைபோல என்கிறாய். இல்லை. நாங்கள் ஒரு வலையைப் பாதி இழுத்து நிறுத்திவிட்டு அடுத்தவனைக் கடலில் இறக்குவதில்லை. மடி கரையேறி மீனைத் தட்டின பிறகுதான் மற்றவனுக்குக் கரை. உன் மெசின் பாதி வேலையில் ஒருத்தியை நிறுத்திவிட்டு மற்றவளிடம் போகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபடவில்லை.

பார்க்கும், எழுதும், துண்டு அடிக்கும் என்கிறாய். நல்லது. மார்த்தாவின் வேலை பார்த்து முடிந்து காலி என்று கண்டுவிட்டது. எழுத முந்தி உன் மெசின் அவளை நிறுத்திவிட்டு றஞ்சிதத்திடம் போகிறது என்று வைத்துக்கொள். அங்கே றஞ்சிதத்தின் வேலையும் பார்க்கும். அதுக்கும் காலி என்றுதானே தெரியும்? சரி, பிறகு மார்த்தாவிடம் திரும்பி வருகிறது. வந்ததும் மறுபடி பார்க்குமா, அல்லது முதல் பார்த்ததை நம்பி எழுதுமா?

கம்பு நட்ட காலத்தில் எங்களுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. கரைக்கு வந்தால் பாராமல் கம்பை நடுவது. நட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பது. வேறு கம்பு முதலே நின்றால் நம்முடையதைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது. கரை காலி என்று பார்த்துவிட்டுக் கம்பு எடுக்க வீட்டுக்குப் போனவனைப் பற்றி இங்கே சிரிக்கச் சொல்லும் கதைகள் இருக்கின்றன. அவன் பார்த்தது பொய் இல்லை. பார்த்த நேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஐஸ் லொறியில் மீன் எடுக்க வரும் அப்துல் றசாக் நேற்றுக் கேட்கிறார்: "றோசம்மாக்கா, இனி உங்கட மீன் கொழும்பில இருந்தா வரும்?" நல்ல மனிதர், பகிடிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை.

பதில் எழுது. மறுபடி பார்க்குமா, பாராதா. ஒரு சொல் போதும்.

றோசம்மா


கொழும்பு
13.02.2017

அன்புள்ள மாமி,

பாராது.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. சனிக்கிழமை என் வேலைக் கந்தோரில் ஒருவரும் இல்லாதபோது சங்கத்து மெசினைப்போல ஒன்றை வைத்து இரண்டு ஜன்னல் போட்டுப் பார்த்தேன். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் வேண்டுமென்றே ஒரு சின்ன இடைவெளி வைத்தேன். இரண்டு ஜன்னலிலும் காலி என்று வந்தது. முதலில் எழுதிய பெயருக்கு மேலே மற்றப் பெயர் எழுதப்பட்டது. முதல் பெயர் இருந்த அடையாளமே இல்லை. துண்டு இரண்டு வந்தது. இடைவெளியை எடுத்துவிட்டு ஆயிரம் தரம் செய்து பார்த்தேன். மூன்று தரம் அதேபோல் வந்தது.

உங்கள் துண்டு உண்மையான துண்டு. உங்கள் பெயர் எழுதப்பட்டது, பிறகு அதற்கு மேலே யாகப்பர் மாமாவின் பெயர் எழுதப்பட்டது. பிழை என்னுடையது. பார்ப்பதையும் எழுதுவதையும் இரண்டு வேலையாக விட்டுவிட்டேன். இடையில் பிரிக்க முடியாத ஒரே வேலையாக அவற்றைப் பூட்டியிருக்க வேண்டும். இது புதுப் பிழையும் இல்லை. பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பாடமே படித்தேன், சோதனையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். இதை எழுதும்போது அந்தப் பாடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

இனி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. மனேஜரிடம் சொன்னேன். இதே செயலியை முள்ளிக்குளம் பக்கம் மூன்று சங்கங்களுக்குக் கொடுக்கப்போகிறோம். அடுத்த மாதம், பங்குனி முதலாம் திகதி ஒப்பந்தக் கையெழுத்து. அதுவரை வெளியே எழுத்தில் ஒன்றும் போகக்கூடாது என்றார். "திருத்துங்கோ, திருத்தினதைச் சொல்லாதேங்கோ" என்றார். அந்த மூன்று சங்கங்களின் வேலைக்கும் என்னைத்தான் பொறுப்பாகப் போடுவதாக இருந்தது. அதற்காகத்தான் இரண்டு வருடம் இங்கே இருந்தேன்.

அமிர்தநாயகம் மாமாவோடு நான் போனில் பேசினால் காணாதா? அவர் கூட்டத்தில் சொல்வார். கூட்டத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கோ.

செலீனா


தாழையடி
16.02.2017

செலீனா,

நீ ஒத்துக்கொண்டது நல்லது. அதை மனதில் வைக்கிறேன்.

போன் காணாது. அமிர்தநாயகம் எழுந்து, "றோசம்மாக்காட மருமகள் பிழை தன்னதெண்டு சொல்லுறா" என்றால், சபையில் இருப்பவர்கள் சொல்வது எனக்கு இப்போதே கேட்கிறது: "மருமகள் சொல்லாம வேற ஆர் சொல்லுறது?" தாள் வேண்டும். உன் பெயர், உன் கையெழுத்து, என்ன பிழை, எப்படி வந்தது. உன் பிழையை நீ தாளில் எழுதினால் அது சாட்சி. வாயால் சொன்னால் அது சொந்தம்.

கூட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கமாட்டேன். தள்ளிவைக்கக் கேட்பவள் பயந்தவள் என்பார்கள்.

என் வலையில் இழுக்கிறவர்கள் பதினாறு பேர். மூன்று கிழமையாக வலை இறங்கவில்லை. ஆறு பேர் வேறு வலைகளுக்குப் போய்விட்டார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிறு சங்கக் கூட்டம் வரைக்கும் பொறுக்காது. மற்றவர்கள் காலையில் வந்து வலையைச் சுற்றி இருந்து கதைத்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஒருவர் பஸ்ரியனிடம் கேட்டிருக்கிறார், "கொம்மா எங்களை வைச்சிருக்கிறாவா, விடுறாவா?" என்று. அவர்களுக்கு இருபத்தாறாம் திகதிதான் பதில்.

உன் வேலையை விடு என்று நான் எழுதமாட்டேன். எழுதாதே என்றும் சொல்லமாட்டேன். நீ பெரிய பிள்ளை. உன் மனேஜருக்கு ஒரு கையெழுத்து இருக்கிறது, எனக்கு ஒரு கரை இருக்கிறது. நடுவில் நீ இருக்கிறாய். இருந்து யோசி.

மாமி


கொழும்பு
21.02.2017

அன்புள்ள மாமி,

தபாலை நம்பாமல் மன்னார் பஸ்ஸில் அனுப்புகிறேன். நடத்துநர் முருங்கனில் பஸ்ரியன் மச்சானிடம் கொடுப்பார். உறைக்குள் இரண்டு தாள் இருக்கிறது. தனித்தனியாக மடித்திருக்கிறேன்.

முதலாம் தாளில் நீங்கள் கேட்டது எல்லாம் இருக்கிறது. பிழை எது, எப்படி வந்தது, றோசம்மா பெற்ற துண்டு சங்கத்து மெசின் தன் முறைப்படி கொடுத்த துண்டு, அதில் ஒருவருடைய கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதை வாசித்தால் உங்கள்மேல் பழி இல்லை. வலை சுற்றுக்குள் வரும்.

இரண்டாம் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சங்கத்து மெசின் ஒவ்வொரு கேள்வியையும் வந்த நேரத்தோடு ஒரு பக்கத்தில் குறித்து வைக்கும். பிழை தேடுவதற்கென்று நான் வைத்த குறிப்பு அது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்துக் குறிக்கும். வேறு ஒருவருக்கும் அது இருப்பது தெரியாது. இங்கிருந்து திறந்து பார்த்தேன். எட்டு மணி இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. கந்தோர் ஜன்னலில் யாகப்பர் மாமாவுக்காகக் கேட்டது முந்நூற்று நாற்பதாவது பங்கில். ஐஸ் றூமில் உங்களுக்காகக் கேட்டது முந்நூற்று ஐம்பத்திரண்டாவது பங்கில். அவருடைய வேலை காலி என்று பார்த்தவுடன் மூளை கை மாறியிருக்கிறது. உங்கள் வேலை முழுவதும் முடிந்து துண்டு அடிக்கப் போனது. பிறகு அவருடைய வேலை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மறுபடி பாராமல், உங்கள் பெயருக்கு மேலே எழுதியது.

முதலில் கேட்டது அவர். ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு முந்தி.

ஒழிந்த பாடு முதலில் கேட்டவருக்கு என்றால் செவ்வாய்க்கிழமைப் பாடு யாகப்பர் மாமாவுடையது. அப்படியென்றால் நீங்கள் வெட்டியது பாட்டுக்குரியவரின் மடி. அதற்கு எங்கள் கரையில் என்ன முறை என்று எனக்குத் தெரியும். நீங்கள் யாரிடம் போய் அதைச் செய்ய வேண்டிவரும் என்பதும் தெரியும்.

இதை முதலாம் தாளிலேயே எழுதியிருக்கலாம். எழுதினேன், கிழித்தேன். எழுதாமலும் விட்டிருக்கலாம். அதற்கும் கை வரவில்லை. அதனால் தனித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இதை வாசிக்காவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முதலாம் தாளில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முடிவை உங்கள் தலையில் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

செயலியைத் திருத்திவிட்டேன். இனி ஒரு ஜன்னல் ஒரு பாட்டில் கை வைத்தால் அது கையை எடுக்கும்வரை மற்ற ஜன்னல் வாசலில் நிற்க வேண்டும். இடையில் எத்தனை தரம் நிறுத்தினாலும் உள்ளே விடாது. பத்தாயிரம் தரம் பார்த்தேன். ஒரு தரமும் தப்பவில்லை.

தாள் அனுப்புவதை மனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒளித்து அனுப்பினால் அது உங்களுக்குச் சாட்சியாகாது. அவர் சத்தம் போடவில்லை. பங்குனியில் இருந்து அந்த மூன்று சங்கங்களின் வேலை இன்னொருவருக்கு. நான் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்க்கும் பகுதிக்குப் போகிறேன்.

செலீனா


தாழையடி
03.03.2017

அன்புள்ள மருமகள் செலீனாவுக்கு,

மூன்று நாளாக விரல் வீங்கிக் கிடந்தது, அதனால் பிந்தி எழுதுகிறேன். ஏன் வீங்கியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கூட்டம்.

பூசை முடிந்து எல்லோரும் அப்படியே சங்க மண்டபத்துக்கு வந்தார்கள். மற்ற நாட்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போவார்கள், அன்றைக்கு ஒருவரும் போகவில்லை. அமிர்தநாயகம் முதலாம் தாளைத் தான் வாசிக்கிறேன் என்று கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எழுந்து நின்று நானே வாசித்தேன். 'செயலி' என்ற சொல்லில் மட்டும் ஒரு தரம் நாக்குத் தடுமாறியது. மூளை ஒன்று, ஜன்னல் இரண்டு என்று நீ எழுதிய இடத்தில் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், "எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றார். பெண்சாதி அவரைக் கிள்ளியது எல்லோருக்கும் தெரிந்தது. உன் கையெழுத்தைக் காட்டினேன். தாள் கை மாறிக் கை மாறிச் சபையைச் சுற்றி வந்தது. றஞ்சிதமும் மார்த்தாவும் சேர்ந்து வாசித்தார்கள்.

அமிர்தநாயகம் சொன்னார், "அக்காட வலை சுற்றுக்கு வருது. அக்காவில பிழை இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ" என்று. எழுதினார்கள். ஆட்கள் கதிரைகளை இழுக்கத் தொடங்கினார்கள். பஸ்ரியன் என் தோளில் கை வைத்தான், அவன் அப்படி வைப்பதில்லை.

இரண்டாம் தாள் என் கைக்குள் மடித்தபடி இருந்தது. உறை வந்த அன்றைக்கே வாசித்துவிட்டேன். பஸ்ரியனுக்கும் வாசித்துக் காட்டினேன். "ஐஸ் றூம் வயர் நீளம் அம்மா, அதாலதான் பிந்தினது. கையால தட்டினது நாங்கள்தான் முந்தி" என்றான். இருக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

"இன்னொரு தாள் கிடக்கு" என்றேன். பஸ்ரியன், "அம்மா, காணும், இருங்கோ" என்று மெல்லச் சொன்னான். கதிரை இழுத்தவர்கள் நின்றார்கள். நான் வாசித்தேன். முந்நூற்று நாற்பதையும் முந்நூற்று ஐம்பத்திரண்டையும் இரண்டு தரம் வாசித்தேன், பிறகு ஒருவரும் காதில் விழவில்லை என்று சொல்லக்கூடாது. வாசித்து முடித்து, "பாடு யாகப்பற்ற. நான் வெட்டினது பாட்டுக்காரன்ர மடி" என்றேன்.

யாகப்பர்தான் முதல் பேசினார். "ஆயிரத்தில பன்னிரண்டு எண்டா எவ்வளவு அக்கா?"

"எனக்குத் தெரியாது. கண் மூடித் திறக்க முந்தி எண்டு நினைக்கிறன்."

"நான் ஜன்னலடியில ஒரு தும்மல் தும்மியிருந்தா உங்கட பாடு."

"தும்மயில்லையே" என்றேன்.

சபை சிரித்தது. யாகப்பர் கடைசியாகச் சிரித்தார்.

மற்றவன் பாட்டில் அவன் வலையை வெட்டியவர் அந்தக் கிழிசலைத் தன் கையால் பொத்தித் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது முறை. ஆள் பிடித்துப் பொத்துவிக்க ஏலாது. வெட்டியது பஸ்ரியன்தான், அவன்தான் பொத்த வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். என் வயதைப் பார்த்துச் சொன்னது. "அவன்ர கை, என்ர வாய்" என்றேன். அதை ஒருவரும் எதிர்க்கவில்லை. உன் கொம்பியூட்டரை எடுத்து எறிய வேண்டும் என்று ஒருவர் எழும்பினார். திருத்தியாகிவிட்டது, பிழையைச் சொன்ன அதே பிள்ளைதான் திருத்தியது என்று சொன்னேன். பிழையைத் தாளில் எழுதித் தருபவர்கள் எத்தனை பேர் என்று அமிர்தநாயகம் கேட்டார். மெசின் இருக்கட்டும் என்று முடிந்தது.

திங்கட்கிழமை காலை யாகப்பரின் வீட்டு வளவுக்குப் போனேன். அவர் கதிரை தூக்கி வந்து போட்டார். நான் மணலில் இருந்து வலை மடியை என் மடியில் போட்டுக்கொண்டேன். ஐந்து முழத்துக்குக் கிழிசல். பஸ்ரியனுடைய கத்தி நல்ல கூர். அவர் பெண்சாதி முதல் நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கண்ணி சின்னனா வருது" என்றாள். பார்த்தேன், சின்னதாகத்தான் வந்திருந்தது. ஒரு முழத்தை அவிழ்த்துத் திரும்பப் பொத்தினேன். சாம்பல் புதன் அன்று கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்து இருந்தேன். விரலைப் பற்றி இப்போது உனக்கு விளங்கும்.

நேற்று மாலையில் முடித்தேன். இதை முடிக்க முந்தி என் வலையை இறக்கமாட்டேன் என்று நானே சொல்லியிருந்தேன், சங்கம் அப்படிச் சொல்லவில்லை. போன ஆறு பேரில் நான்கு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். உன் மூன்று சங்கங்களும் உனக்கு வராது. இதை ஈடு செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்களின் பிழை பார்க்கும் வேலை என்று எழுதியிருந்தாய். உன் பிழையைப் பார்த்த கண்ணுக்கு அது கஷ்டமாக இருக்காது.

யாகப்பர் மடியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை முதல் பாடு அவருடையது, இந்த மடியோடுதான் இறங்குகிறார். பார்க்க நானும் கரைக்கு வாறன் என்றேன்.

"தாங்காட்டி?" என்றார்.

"தாங்காட்டித் திரும்ப வந்து இருந்து பொத்துறன்."

"கதிரையில இருப்பீங்களா?"

"பாப்பம்" என்றேன்.

உன் மாமி,
றோசம்மா